டிபன் பையில் வால்வுக் கைப்பிடி

நீச்சல் குளத்து பம்ப் ரூமில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கெட்ட பெயர் வந்தால், அது நீங்கள் செய்த காரியத்தால் வராது. செய்யாமல் உட்கார்ந்திருந்ததால் வரும். அந்தக் கெட்ட பெயரைச் சம்பாதிக்கத் தைரியம் இல்லாதவர்கள் இப்போதே வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். லிஃப்ட் ஆபரேட்டர் வேலை நல்லது. பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கலாம், எல்லோருக்கும் திருப்தி.

நான் மாட்டுங்காவில் ஒரு கிளப்பின் குளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பத்தில் பாங்க், ரயில்வே, இன்ஷூரன்ஸ் என்று மூன்று மதங்கள்தான் உண்டு. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு நான் பம்ப் ரூமுக்குப் போனதை வீட்டில் யாரும் வெளியே சொல்லவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் அப்பா, "பையன் வாட்டர் ட்ரீட்மெண்ட்ல இருக்கான்" என்றார். பெண் வீட்டார் அதை ஏதோ அரசாங்கத் துறை என்று எடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி ஒருநாள் குளத்தைப் பார்க்க வந்தாள். மணல் தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுக்கா டிகிரி?" என்றாள். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதில் ஒரு முயற்சி.

ஃபில்டர் என்பது வயிறு நிறைய மணல் போட்ட பெரிய டிரம். குளத்துத் தண்ணீர் மேலே நுழைந்து, மணலில் அழுக்கை விட்டுவிட்டு, கீழே வெளியேறிக் குளத்துக்கே திரும்பும். அழுக்கு சேரச் சேர மணல் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் முக்கி முக்கிப் போகும், அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் ஏறும். போதுமான அளவு ஏறிய பிறகு வால்வின் கைப்பிடியைத் திருப்பி, தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி, மணலை அலசி, அழுக்கைச் சாக்கடைக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பேக்வாஷ் என்று பெயர். இவ்வளவுதான் தொழில். மீதி எல்லாம் மனிதர்கள்.

என் மீட்டரின் கண்ணாடியில் இரண்டு பொட்டு வைத்திருந்தேன். மனைவியின் நகப்பாலிஷ். கழுவிய உடனே முள் நிற்கிற இடத்தில் ஒன்று. ஏறிப்போய், இனிக் கழுவித்தான் ஆக வேண்டும் என்கிற இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் முள் இருக்கும்வரை உங்கள் வேலை நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. நான் நிறையப் படித்தவன் என்று பெயர் வாங்கியது அப்படித்தான். ஃபில்டர் ஒழுங்காக இருந்தது, நான் படித்தேன்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் முள்ளைப் பார்க்க மாட்டார், கிழமையைப் பார்ப்பார். வியாழக்கிழமை வந்தால் கழுவிவிடுவார். காரணம் கேட்டேன். "வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி ஆத்துல விளக்கு தேய்க்கறாளோல்லியோ? அதே மாதிரிதான்" என்றார். அதில் ஓர் அழகு இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் விளக்குக்குப் பளபளப்பு நல்லது, மணலுக்கு நல்லதல்ல.

இதை மாட்டுங்காவில் யாருக்கும் சுலபமாக விளக்கிவிடலாம். காபி ஃபில்டரில் பொடியைப் போட்டு, அழுத்தாமல் வெந்நீரை ஊற்றினால் என்ன ஆகும்? மடமடவென்று இறங்கும். இறங்கியதை டிகாக்‌ஷன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பொடி படிந்து கெட்டியாகி, தண்ணீரைக் கொஞ்சம் யோசிக்க வைக்க வேண்டும். மணலும் அப்படித்தான். புதிதாகக் கழுவிய மணல் பெரிய தூசியைப் பிடிக்கும், பொடித் தூசியை நழுவ விட்டுவிடும். கொஞ்சம் அழுக்கு படிந்த பிறகு அந்த அழுக்கே சல்லடையாகி, பொடித் தூசியையும் பிடிக்கும். அழுக்கைப் பிடிக்க அழுக்கு வேண்டும். தினம் கழுவினால் குளம் கலங்கும். இதை நம்புவது மனிதர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர்களுக்கு வீட்டில் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தாராவியிலிருந்து ஷமீமா எங்கள் கிளப்புக்கு வந்தது ஒரு கோடையின் தொடக்கத்தில். அவளுடைய வாப்பா அங்கே தோல் பைப் பட்டறை வைத்திருப்பவர், ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவள் காலேஜில் படிக்கும்போது போட்டிகளில் நீந்தியவள். கோச் சான்றிதழும் வைத்திருந்தாள். தாராவியின் தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தர தினம் ஒரு மணி நேரம் வேண்டும் என்று கமிட்டியின் படிகளில் ஏறி இறங்கி, கடைசியில் வாங்கியும் விட்டாள். கமிட்டி கொடுத்தது மத்தியானம் இரண்டு மணி. வெயிலுக்குப் பயந்து மெம்பர்கள் யாரும் வராத நேரம். தர்மம் என்றால் நமக்கு வேண்டாததைக் கொடுப்பதுதானே.

பெண்கள் மட்டும் என்பது அந்தப் பிள்ளைகளின் வீட்டார் போட்ட நிபந்தனை. அதனால் இரண்டு மணிக்குக் குளத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டுவார்கள். ஆண் என்று அங்கே மிஞ்சுவது நான் ஒருவன். நான் பம்ப் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

"உள்ள என்ன செய்வீய அண்ணாச்சி?" என்று முதல் நாள் கேட்டாள். பாங்க் குமாஸ்தாக்களின் வம்சத்தில் அண்ணாச்சி என்று அழைக்கப்பட்ட முதல் ஆள் நான்தான்.

"மீட்டரப் பாத்துண்டு உக்காந்திருப்பேன்."

"ஒரு மணி நேரமுமா?"

"அதுக்குத்தான் சம்பளம்."

"நல்ல வேல அண்ணாச்சி. காலி இருந்தா சொல்லுங்க. எங்க தம்பி ஒருத்தன் வீட்டுல இதே வேலதான் சம்பளம் இல்லாம பாக்கான்."

கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் மட்டும் வரும். "தீதி, நாக் மே பானி கயா" என்று மூக்கில் தண்ணீர் ஏறிய ஒரு குரல். "போனா போவுது, வெளிய வந்துரும். கால அடி. கால அடிங்கேன், தூங்குதியா?" என்று ஷமீமா. அதற்கு முன்னால் ஷவர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்கும். ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தித் தலையைக் கழுவ வைத்து, தொப்பி மாட்டி, பிறகுதான் தண்ணீரில் இறக்குவாள். "நம்மளப் பத்தி ஒரு சொல்லு வரக் கூடாது, புரிஞ்சா?" என்பது தினப்படி உத்தரவு. எனக்குப் பார்க்கக் கிடைத்தது முள் மட்டும். அதனால், அந்த பேட்ச் எங்கள் தண்ணீரை என்ன செய்தது என்று மாட்டுங்காவிலேயே திட்டமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். ஒன்றும் செய்யவில்லை. இரண்டு மணிக்கு முள் எங்கே இருந்ததோ அங்கேயேதான் மூன்று மணிக்கும் இருந்தது.

முள் ஏறுவது சனிக்கிழமை காலை. அன்று எங்கள் மெம்பர் மாமாக்கள் வீட்டில் நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, பேருக்குச் சீயக்காய் போட்டு, மீதியைக் குளம் பார்த்துக்கொள்ளும் என்று நேரே வந்து இறங்குவார்கள். குளமும் பார்த்துக்கொள்ளும். எண்ணெய் மணலில் போய் ஒட்டும், மத்தியானத்துக்குள் முள் மேல் பொட்டை எட்டிப் பார்க்கும். நானும் அதே எண்ணெய்க் கிண்ணத்தில் பிறந்தவன்தான், குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் முள்ளுக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது.

மே மாதம் முனிசிபாலிட்டி தண்ணீர் வெட்டு அறிவித்தது. தண்ணீர் குறைந்தால் மனிதர்களுக்குச் சுத்தத்தின் மேல் அக்கறை கூடும். கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மெம்பர் குளத்தைப் படமெடுத்துப் போட்டு, "மத்தியான பேட்ச் வந்ததிலிருந்து தண்ணீர் பழைய மாதிரி இல்லை" என்று எழுதினார். படத்தில் தண்ணீர் பழைய மாதிரியேதான் இருந்தது. ஆனால் கீழே வரிசையாகக் கட்டை விரல்கள் முளைத்தன.

மறுநாள் செக்ரட்டரி மாமா பம்ப் ரூமுக்கு வந்தார். பாங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தினம் செய்தால் நல்லது என்று நம்புகிறவர். நடை, பூஜை, புகார்.

"மணி, அந்த ரெண்டு மணி பேட்ச் போனப்புறம் தினம் ஃபில்டர அலம்பிடு."

"எதுக்கு மாமா? முள் ஏறவே இல்லையே."

"முள்ளு ஏறினாத்தான் குளிப்பேன்னு நீ ஆத்துல உக்காந்திருப்பியா?"

நல்ல கேள்வி. அதற்குப் பொருத்தமான பதில் எனக்கு அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கிடைத்தது. அந்த நேரத்தில் கிடைத்தது இவ்வளவுதான்: "அலம்ப மாட்டேன் மாமா. அலம்பினா கலங்கும்."

"அலம்பினா கலங்குமா? இத வெளில போய்ச் சொல்லாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் முள் கீழ்ப் பொட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. யாரோ கழுவியிருக்கிறார்கள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற மராத்திக்காரரைக் கேட்டேன். "செக்ரட்டரி சாப் நே போலா" என்றார். செக்ரட்டரி ஐயா சொன்னாராம். நான் சாயங்காலம் கிளம்பியதும் அவர் வந்து கைப்பிடியைத் திருப்புகிறார். அதுவும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அப்படித் திருப்பினால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் கிழியும் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. ரோஜாச் செடிக்குள் ரப்பர் கிடையாது.

ஒவ்வொரு தடவை கழுவும்போதும் டாங்க் டாங்காக நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று. குளத்தின் மட்டம் இறங்கிற்று, டாங்கர் லாரி வந்தது. கழுவக் கழுவ, நான் சொன்னபடியே, குளம் கலங்கிற்று. குளோரின் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மணலுக்குத்தான் அழுக்கு பிடிக்க அவகாசம் இல்லை. ஆழமான பக்கத்தில், தரையில் தண்ணீர் இறங்குகிற இடத்தில் ஒரு சல்லடை மூடி உண்டு. கரையில் நின்றால் அது தெரிய வேண்டும். தெரியாவிட்டால், முங்கிப் போன ஆளும் தெரிய மாட்டார். ஒருநாள் காலை அது தெரியவில்லை. நான் யாரையும் கேட்காமல் ஆழமான பக்கத்தைக் கயிறு கட்டி மூடினேன். பிள்ளைகள் பழகுகிற ஆழமில்லாத பக்கத்தைத் திறந்து விட்டேன்.

மெம்பர்கள் கயிற்றருகே கூடினார்கள்.

"எங்க பக்கத்த மூடிட்டு, அவா பக்கத்தத் தொறந்து விட்டிருக்கியே, இது என்ன நியாயம்?" என்றார் செக்ரட்டரி மாமா.

"அந்தப் பக்கத்துல தரை தெரியறது மாமா. இந்தப் பக்கத்துல தெரியல."

"தினம் அலம்பியும் தெரியலன்னா, எவ்வளவு அழுக்கு கொண்டு வராங்கிறத நீயே பாத்துக்கோ."

இந்தத் தர்க்கத்தைக் கவனியுங்கள். உங்களுக்கும் ஒருநாள் இது கிடைக்கும். மருந்து நோயை வளர்க்கும்போது, மருந்தின் அளவைக் கூட்டச் சொல்வார்கள். கூட்டிய பிறகும் தீராவிட்டால் நோயாளியை வெளியே அனுப்பச் சொல்வார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி, தண்ணீர்க் கஷ்டம் தீரும்வரை இரண்டு மணி பேட்சை நிறுத்துவது என்று பேச்சாயிற்று.

ஷமீமா அன்று பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பம்ப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"தற்காலிகமாத்தான்னு சொல்லுதாங்க அண்ணாச்சி."

"மழை வந்ததும் மறுபடி ஆரம்பிச்சுடலாமே."

"நீங்க எங்க ஏரியாவப் பாத்ததில்ல. ஒரு வாரம் நின்னா கதம், முடிஞ்சது. ஒவ்வொரு வீட்டுலயும் வாப்பாகிட்ட, அப்பாகிட்ட தனித்தனியா போய் மல்லுக்கட்டிருக்கேன். இவரு சரின்னாருன்னு அவரு, அவரு சரின்னாருன்னு இவரு. எல்லாருக்கும் ஒரு சாக்குதான் வேணும். 'பாத்தியா, கிளப்காரனே வேண்டாம்னுட்டான்' அப்படின்னு முடிச்சிருவாங்க. அப்புறம் நான் கடலையே வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தாலும் பிள்ளைகள அனுப்ப மாட்டாங்க."

"நான் கமிட்டியில உங்களுக்காகப் பேசறேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. பாவம்னு சொல்லிக் குடுத்தாங்க, இப்ப அதே வாயால எடுக்காங்க. இன்னொருக்க பாவம் பாக்க வைக்காதீங்க. நீங்க உங்க முள்ளுக்காகப் பேசுங்க. அது போதும் எங்களுக்கு."

பேசினேன். மறுநாள் செக்ரட்டரி மாமாவைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து, மீட்டருக்கு முன் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். காபி ஃபில்டர் உதாரணம்கூடச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீட்டர் கெட்டுப் போயிருக்கும்" என்றார். நான் சயானுக்குப் போய்ப் புது மீட்டர் வாங்கி வந்து பழையதன் பக்கத்தில் மாட்டி, மறுபடி அழைத்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி இரண்டு மீட்டர்களையும் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கம்பெனி" என்றார்.

முள்ளைக் காட்டி யாரையும் ஜெயித்தவன் கிடையாது. அதனால் முள்ளைப் பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது, கைப்பிடி உங்கள் வசம் இருக்க வேண்டும். அன்று சாயங்காலம் நான் டிபன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, வால்வின் கைப்பிடியைப் பிடித்திருந்த ஆணியைத் தட்டி உருவி, கைப்பிடியைப் பையில் போட்டுக்கொண்டேன். முழங்கை நீளம், கறுப்பு. டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. செம்பூர் பஸ்ஸில் கண்டக்டர் அதையும் என் முகத்தையும் பார்த்தார். முகம் அவருக்குச் சமாதானம் அளித்திருக்க வேண்டும், டிக்கெட்டைக் கொடுத்தார்.

"இது என்ன?" என்றாள் மனைவி.

"வேலை."

"ஆபீஸ் வேலைய ஆத்துக்குக் கொண்டு வராதேங்கோன்னு எத்தன தரம் சொல்றது?" என்று சொல்லி, அதை வாங்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். ஆச்சரியப்படவும் இல்லை. அவள் என்னிடம் வேறு எதை எதிர்பார்த்திருந்தாள் என்று எனக்கு இன்றும் தெரியாது.

காபி ஆறுவதற்குள் செக்ரட்டரி மாமாவின் போன் வந்தது.

"மணி, வால்வோட கைப்பிடியக் காணலையாம்."

"எங்கிட்ட இருக்கு மாமா. ஆத்துல, அரிசி டப்பாவுக்குப் பின்னாடி."

பாங்கில் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வாக்குமூலம் அவருக்குக் கிடைத்திருக்காது.

"அது கிளப் சொத்து. இது திருட்டு."

"காலம்பற என்னோட வரும், சாயங்காலம் என்னோட திரும்பும். ராத்திரி மட்டும் எங்காத்துல தூங்கும்."

"உன்ன இப்பவே சஸ்பெண்ட் பண்ணலாம், தெரியுமோ?"

"பண்ணலாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்கோ. அன்னிக்குக் காலம்பற ஆழத்துல சல்லடை மூடி தெரியலன்னா, நீங்க சஸ்பெண்ட் பண்ணவே வேண்டாம், நானே போயிடறேன். தெரிஞ்சா அந்த பேட்ச் இருக்கணும்."

"அந்தப் பசங்களுக்காக வேலையப் பணயம் வைக்கறயா?"

"மணலுக்காக மாமா" என்றேன். பாதி உண்மை.

போனை வைத்த பிறகு மனைவி, "தெரியுமா?" என்றாள். "எது?" என்றேன். "அந்த மூடி." "தெரியும்" என்றேன். குரல் நான் நினைத்த அளவு கனமாக வரவில்லை.

கைப்பிடி பையிலேயே போய் வந்தது. யாரும் கழுவவில்லை. மணலுக்கு நிம்மதி கிடைத்தது, முள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்ப் பொட்டை விட்டு நகர்ந்தது. தண்ணீரின் பால் நிறம் முதலில் நீலமானது, பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தது. வெள்ளிக்கிழமை மூடியின் நிழல் தெரிந்தது. எனக்கு மெல்லத் தைரியம் வந்துகொண்டிருந்தபோது சனிக்கிழமை வந்தது.

ஆழமான பக்கம் மூடியிருந்தும் மாமாக்கள் வந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் கூட்டமாக நின்று, என்னைப் பற்றியும் தண்ணீர் வெட்டைப் பற்றியும் பேசியபடி, தலையிலிருந்து எண்ணெயை இறக்கிவிட்டுப் போனார்கள். முள் ஏறிற்று. இரண்டு மணிக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது, அது மேல் பொட்டுக்கு ஒரு நூல் கீழே இருந்தது.

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கைப்பிடி மடியில் இருக்கிறது. கழுவினால் மணல் புதிதாகும், விடிவதற்குள் தண்ணீர் மறுபடி மங்கும், மூடி தெரியாது. கழுவாமல் விட்டு, முள் பொட்டைத் தாண்டினால் மணல் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஓடாது, அப்போதும் மங்கும். இரண்டு பக்கமும் பள்ளம். கை தானாகக் கைப்பிடியின் மேல் போகிறது. பயந்தவனுக்கு ஏதாவது செய்தால் தேவலை என்று தோன்றும். கமிட்டிக்குத் தோன்றியதும் அதுதான். செக்ரட்டரி மாமாவின் மேல் எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் அனுதாபம் வந்தது. கைகளை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஷமீமா கதவைத் தட்டினாள்.

"எங்க நிக்கிது அண்ணாச்சி?"

"நீங்க இறங்கறப்ப நின்ன இடத்துலயே."

"அப்ப என்ன செய்யப் போறீய?"

"ஒண்ணும் செய்யப் போறதில்ல."

"வேர்த்து ஊத்துது உங்களுக்கு. ஒண்ணும் செய்யாததுக்கு இவ்வளவு வேர்க்குமா?" என்று சொல்லித் தன் தண்ணீர் பாட்டிலைக் கதவிடுக்கு வழியாக நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கமிட்டி கரையில் வந்து நின்றது. ஷமீமாவும் ஒதுங்கி நின்றாள். மூடி தெரிந்தது. அதில் இருந்த ஓட்டைகள் தனித்தனியாகத் தெரிந்தன. நடுவில் யாரோ என்றைக்கோ தொலைத்த ஹேர்பின் ஒன்று கிடந்தது, அதுவும் தெரிந்தது. நான் பம்ப் ரூமுக்குப் போய் மீட்டரைப் பார்த்தேன். முள் மேல் பொட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. கைப்பிடியை மாட்டினேன், பம்பை நிறுத்தினேன்.

செக்ரட்டரி மாமா பின்னாலேயே ஓடி வந்தார்.

"என்ன பண்றே?"

"அலம்பப் போறேன்."

"இப்ப எதுக்கு அலம்பறே? தண்ணிதான் நன்னா இருக்கே?"

கைப்பிடியைத் திருப்பி அலம்பினேன். தண்ணீர் நன்றாக இருக்கும்போதுதான் கழுவும் நேரம் வரும், கலங்கியிருக்கும்போது பெரும்பாலும் வராது. இதை அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

பேட்ச் நிற்கவில்லை. ஆனால் கமிட்டிகள் வெறுங்கையோடு எழுந்திருப்பதில்லை. குளத்தில் இறங்கும் முன் எல்லோரும், குறிப்பாக வெளி பேட்ச், தலை முழுகி வர வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். "குறிப்பாக" என்ற இடத்தில் செக்ரட்டரி மாமா கொஞ்சம் அழுத்திப் படித்தார்.

"ஒத்துக்கிடுதேன்" என்றாள் ஷமீமா. "ஆனா வாசல்ல நின்னு யாரு பாப்பா?"

கமிட்டி கணக்குப் போட்டது. அதற்கு ஆள் போட வேண்டும், ஆளுக்குச் சம்பளம் போட வேண்டும்.

"நான் பாக்கேன். சும்மாவே பாக்கேன். எல்லாருக்கும்" என்றாள். சும்மா என்ற சொல்லில் மகிழ்ந்துபோன கமிட்டி, எல்லாருக்கும் என்ற சொல்லைக் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை ஷவருக்கும் குளத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி ஷமீமா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன் மேல் உள்ளங்கை அளவில் வெட்டிய பழைய செய்தித்தாள் துண்டுகள். வடையை எண்ணெயிலிருந்து எடுத்துப் போடுவோமே, அந்த மாதிரி. வருகிறவர் ஒரு துண்டை எடுத்து நெற்றியில் ஒற்றி, அவள் தோளுக்கு மேலாக நீட்ட வேண்டும். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

"திரும்பாம எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"நீங்க முள்ளப் பாக்கல? நான் பேப்பரப் பாக்கேன். ஆளப் பாத்தாத்தான அண்ணாச்சி தப்பாப் போவுது."

முதலில் வந்தது செக்ரட்டரி மாமா. ஒற்றினார், நீட்டினார். ஷமீமா வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அந்தப் பக்கத்து நியூஸெல்லாம் இந்தப் பக்கம் தெரியுது. போய் தலைய அலசிட்டு வாங்க."

"நான் செக்ரட்டரி."

"பேப்பர்ல அது தெரியல மாமா."

அவருக்குப் பின்னால் துண்டு கட்டிய மெம்பர்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோருடைய நெற்றியும் வெயிலில் மினுங்கியது. செக்ரட்டரி மாமா என்னைப் பார்த்தார். நான் மிகுந்த சிரத்தையோடு பம்ப் ரூமுக்குள் போனேன். வெளியே ஷவர் ஓடும் சத்தம் கேட்டது, நீண்ட நேரம் ஓடிற்று. பிறகு அவர் குரல்: "மணி, சீயக்காய் ஏதாவது இருக்கா?"

இருந்தது. ஷமீமா தன் பிள்ளைகளுக்காக வாங்கி வைத்திருந்த பொட்டலம். அவளைக் கேட்டுத்தான் கொடுத்தேன்.

அன்று முள் அசையவில்லை.

இந்தக் கிளப்பில் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இரண்டு மணிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அந்த பேட்ச் இன்னும் வருகிறது, முன்பைவிடப் பெரியது, சத்தமும் அதிகம். மீட்டரின் கண்ணாடியில் நகப்பாலிஷ் உரிந்தால் புதிதாக வைத்துக்கொள்ளுங்கள். வால்வின் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ஆணியை, கையாலேயே உருவ வரும்படி நான் அரத்தால் ராவி வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் லூசாக இருக்கிறது, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டு என்பார்கள்.

தட்டாதீர்கள்.